தாயாரம்மாளுக்கு வந்த மயக்கம்

"ஊசியாவது கீசியாவது! வயித்துல இருக்கிற குழந்தைகிட்ட எவனாவது ஊசியைக் கொண்டுபோவானா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அப்பா, நம்ம பட்டறையில ஒரு போல்ட்டைக்கூட செக் பண்ணாம வெளியே அனுப்பறதில்ல. இது குழந்தைப்பா!" என்றான் மகன் மோகன்ராஜ்.

கூடுவாஞ்சேரியில் காரில் ஏறும்போது ஆரம்பித்த சண்டை, தாம்பரம் கிளினிக் வாசல் வந்தும் ஓயவில்லை.

மோகன்ராஜின் மனைவி ஹேமாவதிக்கு முப்பத்தெட்டு வயதில் முதல் குழந்தை. ரத்தப் பரிசோதனையில், குழந்தைக்கு அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். உறுதியாகத் தெரிய, வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கரு கலையும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு.

மாமியார் தாயாரம்மாளோ வழியெல்லாம் கார் ஏசியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஜஹீரா நால்வரையும் உட்காரச் சொன்னார். "சொல்லுங்க ஹேமாவதி, டெஸ்ட்டைப் பத்தி என்ன..."

"எடுத்துடலாம் டாக்டர். பிரச்னைன்னா இப்பவே முடிச்சுடலாம்" என்றான் மோகன்ராஜ்.

"எடுக்கவே கூடாது!" என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஐயையோ, தலை சுத்துதே!" என்று நாற்காலியில் சரிந்தாள் தாயாரம்மாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "இங்கேயே படுங்கம்மா, பிபி பார்க்கலாம்."

"பிபி இன்னாத்துக்கு? எனக்குக் காத்து வேணும், சூடா ஒரு காபி வேணும். டேய் மோகனு, புடிடா!"

"அப்பா கூட்டிட்டுப் போவாரும்மா."

"அவரே ஆடிக்கினு கீறாரு, அவரு என்னைத் தூக்குவாரா? ரெண்டு பேரும் வாங்க!"

மயக்கம் வந்தவளை டாக்டர் அறையிலிருந்து காபிக் கடைக்கு அழைத்துப் போகும் அதிசயத்தை, வராண்டாவே எட்டிப் பார்த்தது.

ஹேமாவதிக்கு அழுகை வந்துவிட்டது. "பார்த்தீங்களா டாக்டர்? இன்னிக்குக்கூட எல்லாரும் அத்தையைத்தான் கவனிக்கணும்."

"அதை விடுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அவர் வந்ததும் கேட்டு..."

"குழந்தை உங்க வயித்துல இருக்கு. நான் உங்களைத்தான் கேட்கறேன்."

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கறேன் டாக்டர். தெரியாம தினம் தினம் பயந்துகிட்டிருக்க முடியல. ஆனா கலைக்கறதுக்காக இல்ல. அந்த மாதிரிக் குழந்தைன்னா, எப்படி வளர்க்கறதுன்னு இப்பவே கத்துக்கணும். ரிசல்ட்டை முதல்ல என்கிட்ட மட்டும் சொல்வீங்களா?"

டாக்டர் சிரித்தார். "உங்க மாமியார் உங்களை நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்காங்க."

"அத்தையா?"

"நேத்தே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. 'நாங்க எதிர்ல குந்திக்கினு இருந்தா, அவ எங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவா. நான் மயக்கம் போட்டு ரெண்டு பேரையும் வெளிய இழுத்துக்கினு போயிடறேன். அவ மனசுல இன்னா கீதுன்னு நீங்க கேளுங்க டாக்டரம்மா'ன்னாங்க!"