ரொட்டி அடுக்குகளுக்கு நடுவே

டெக்சாஸின் சிறிய ஊர் ஒன்றில், மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு வழியே நண்பகல் வெயில் உள்ளே விழுகிறது. உடைந்த கேன்களிலிருந்து வழிந்த பால் தரையெல்லாம் பரவி மினுங்குகிறது. நீளத் துப்பாக்கியோடு வந்து கண்டபடி சுட்ட இளைஞன், ரொட்டி அடுக்குகளுக்கு நடுவே தொடையைப் பிடித்தபடி கிடக்கிறான். அவனைச் சுட்டு வீழ்த்தியவள் வெர்னா. நாய்களுக்கு முடி வெட்டிவிடும் கடை வைத்திருப்பவள். கைப்பையில் எப்போதும் இருக்கும் சிறு துப்பாக்கி இப்போது அவள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் போலீஸ் உள்ளே பாய்கிறது. அவர்கள் கண்ணில் முதலில் படுவது துப்பாக்கியோடு நிற்கும் ஒருத்திதான்.

"கீழ போடு! கையத் தூக்கு!"

வெர்னா மெல்லக் குனிந்து துப்பாக்கியைத் தரையில் வைக்கிறாள். பிறகு கைகளைத் தூக்குகிறாள். நான்கு துப்பாக்கிகள் அவள் மார்பைக் குறிபார்க்கின்றன. கடையில் பில் போடும் ரோண்டா மேசைக்கு அடியிலிருந்து அலறுகிறாள்: "ஐயோ, அவங்கள சுட்டுடாதீங்க! எங்களக் காப்பாத்துனதே அவங்கதான்!" தக்காளிக் குவியலுக்குப் பின்னாலிருந்தும் ஃபிரீசர்களின் மறைவிலிருந்தும் குரல்கள் எழுகின்றன. "அவங்க இல்ல! கீழ கெடக்கான் பாருங்க, அவன்தான்!"

துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தாழ்கின்றன. ஒரு காவலர் அவள் தோளைத் தொட்டு, "கைய எறக்குங்கம்மா," என்கிறார். அவள் இறக்கவில்லை.

"அந்தப் பையன் செத்துட்டானா?"

"எங்க சாகுறான்? எங்கம்மா வரைக்கும் இழுத்துத் திட்டிக்கிட்டு இருக்கான்."

வெர்னாவின் கைகள் தாமாகவே இறங்குகின்றன. பால் வழிந்த தரையிலேயே அவள் உட்கார்ந்துவிடுகிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகவே வருகின்றன.