அந்திப் பரிசல்

"பொதுநலம் கருதி இந்த ஆற்றில் பரிசல் விடும் உரிமை இனி அரசுக்கே!" சிங்கராஜாவின் அதிகாரியான நரி அறிவித்தது. அதுவரை பரிசல் ஓட்டிவந்த ஆமை துடுப்பை நீட்டியது.

"அந்தி நடை ஒண்ணு இருக்குங்க ஐயா. ஏறுறவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. எனக்கு அக்கரை வரைக்கும்தான் உரிமைன்னு சொல்லித்தான் இறக்கிவிடுவேன்."

"அரசோட உரிமைக்கு ஏதுடா எல்லை!" என்று நரி சிரித்தது.

அந்தியில் ஆளில்லாத துறையில், நரி துடுப்போடு உட்கார்ந்திருந்த பரிசல் தானாக அமிழ்ந்தது. விளிம்புவரை தண்ணீர் ஏறியது. நரி அவசரமாகத் துடுப்பை வலித்தது. எப்படியோ தள்ளிக்கொண்டு அக்கரை சேர்ந்தும் பாரம் குறையவில்லை.

"இறங்குங்க," என்றது நரி.

காதோரம் ஈரக்குரல் ஒன்று கேட்டது: "உங்களுக்குத்தான் எல்லையே இல்லையே. எங்களை அரண்மனையில கொண்டுபோய் விடுங்க."