ஒரே ஒரு மாஸ்க்

"உங்க அண்ணன் நேத்தும் மாஸ்க்கைத் தரல. பொண்ணு குடுத்த மனுஷனுக்கு ஒரு மாஸ்க் குடுக்க மனசு வரலையே!"

ஐஸ் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டான் ஃபிட்டர்.

"நான் வேணா கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் நிறைமாத மனைவி.

"கேட்டா என்ன சொல்வாரு தெரியுமா?" டம்ளரால் வாயை மூடிக்கொண்டு, மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் மச்சான் குரலிலேயே உறுமினான். "'தள்ளி நில்லு, மாப்ளே!'"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, சிரி. கேஸ் லீக்னா மாஸ்க் வெச்சிருக்கிறவன்தான் உள்ள போய் வால்வை மூடணும்னு மேனேஜர் உத்தரவு. உன் அண்ணன் பத்திரமா போயிட்டு வந்து நல்ல பேர் வாங்கிக்கிறாரு. நாங்க வாசல்ல நின்னு இருமித் தொலைக்கிறோம்."

மத்தியானமே அமோனியா பைப் விரிசல் விட்டது. கண்ணைப் பிடுங்கும் நெடி.

"மச்சான், இன்னிக்கு நான் போறேன், குடுங்க!"

"தள்ளி நில்லு, மாப்ளே!"

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மச்சான் மெஷின் ரூமுக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் தவழ்ந்து வந்து வாசற்படியிலேயே விழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே கத்தினார் மேனேஜர். "இன்னொரு வால்வு பாக்கி இருக்கு! மாஸ்க்கை மாட்டிக்கிட்டு நீ போப்பா!"

ஃபிட்டர் மாஸ்க்கை உருவினான். மச்சான் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாகக் கிடக்கும்போதுகூடவா? விடுங்க!"

வெடுக்கென்று பிடுங்கி மாட்டிக்கொண்டு உள்ளே கால் வைத்தான். ஒரே ஒரு மூச்சு. நெஞ்சுக்குள் நெருப்பைக் கொட்டியது போலிருந்தது. அலறி அடித்துக்கொண்டு வெளியே வந்து கழற்றி எறிந்தான்.

"கேஸ் அப்படியே உள்ள வருது, மச்சான்!"

"ஃபில்டர் செத்து ரொம்ப நாளாச்சு... புதுசு கேட்டா, மாஸ்க்தான் இருக்கேங்கிறான்."

"தெரிஞ்சுமா இதை மாட்டிக்கிட்டுப் போனீங்க?"

"என்னப்பா நிக்கிற? மாஸ்க்தான் இருக்கே, போ!" தூரத்திலிருந்து மேனேஜர்.

மச்சானின் கை தரையைத் துழாவி, மாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"இது உன் கையில இருந்தா, உன்னையில்ல அனுப்புவான்? தள்ளி நில்லு, மாப்ளே!"