பினாயில் வாளி

"அறிவிருக்கா உனக்கு? என் வாளிய இப்படி உதைச்சுக் கவுத்துட்டியே!"

ஆயா போட்ட கூச்சலில், வலியில் துடித்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஒன்றும் புரியவில்லை. அவள் கால் இரண்டும் பிரசவக் கட்டிலின் மேலே தூக்கி மாட்டியிருக்கிறது. வாளியோ கீழே, சுவரோரம். இதில் எங்கிருந்து உதைப்பது?

"நான் ஒண்ணும் பண்ணலையே..."

"வாய் வேறயா? எல்லாரும் வெளிய போங்க! வழுக்கி விழுந்தா நான் பொறுப்பில்ல!"

பினாயில் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. கட்டிலைச் சுற்றி நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர் கூட்டம் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியது. பாடம் நடத்திய பெரிய டாக்டரும் பின்னாலேயே போனார். பிரசவம் பார்க்கும் நர்ஸும் ஆயாவும்தான் மிச்சம்.

ஆயா துடைத்தாள், துடைத்தாள், அப்படித் துடைத்தாள். காய்ந்துபோன இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்தாள். குழந்தை பிறந்து 'வீல்' என்று கத்திய பிறகுதான் துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். என்ன வேலையோ, என்ன ஜென்மமோ!

கொஞ்ச நேரம் கழித்து டீச்சரின் கணவன் குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு அந்தச் சிடுமூஞ்சி? உன்னைத் திட்டுனது வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

"செய்யாத தப்பை என் தலைல கட்டிட்டாங்க. எப்படி யோசிச்சாலும் எனக்குக் கணக்கு சரியா வரமாட்டேங்குது."

"பெரிய டாக்டரைப் பாரு, தங்கமான மனுஷன். 'அம்மா, அம்மா'ன்னு எவ்வளவு தன்மையாப் பேசுறார்! இந்தப் பொம்பளைக்கு அவ்வளவு கொழுப்பா? இரு, இன்னிக்கே வேலைய விட்டுத் தூக்க வைக்கிறேன்."

"சொல்லுங்க. சும்மா விடாதீங்க" என்றாள் டீச்சர்.

சொல்லித்தான் விட்டான். சற்று நேரத்தில் ஆபீஸிலிருந்து ஆயாவுக்கு அழைப்பு வந்தது. நிரப்பிய வாளியை டீச்சரின் கட்டில் காலருகே வைத்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அது கோபமா, வேறு ஏதாவதா? டீச்சருக்குப் பிடிபடவில்லை.

நடுவில் ஒரு திரைதான். அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் வலியில் முனகிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். திமுதிமுவென்று காலடிச் சத்தம் கேட்டது.

"கிட்ட வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க" என்றார் பெரிய டாக்டர். "பயப்படாதீங்கம்மா. எல்லாம் நம்ம பிள்ளைங்கதான். பார்த்துக் கத்துக்கட்டும்."

அதே தேன் குரல். டீச்சரின் போர்வையை விலக்கியபோதும் இதையேதான் சொன்னார். அப்போது அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு செத்துப் பிழைத்தாள்.

"சார்... அவங்களப் போகச் சொல்லுங்க சார். எனக்கு உடம்பெல்லாம் கூசுது" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

"அட, பிள்ளை பெத்துக்க வந்த இடத்துல என்னம்மா கூச்சம்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் விசும்பினாள்.

டீச்சர் வாசல் பக்கம் பார்த்தாள். இப்போது ஏதோ ஒரு சத்தம் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது. என்ன சத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை. பார்வை கீழே இருந்த வாளியில் வந்து நின்றது.

அடக் கடவுளே! பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவளாகவே கவிழ்த்துவிட்டு, என்னைத் திட்டியே கூட்டத்தைத் துரத்தியிருக்கிறாள் அந்த மகராசி! காய்ந்த தரையைத் துடைத்துக்கொண்டே எனக்குக் காவல் நின்றிருக்கிறாள். அவளைத்தான் பிடித்துக் கொடுத்தேனா?

உடம்பெல்லாம் ரணம். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தொங்கவிட்டாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

டமால்!

திரைக்கு அடியில் தண்ணீர் பாய்ந்தது. அந்தப் பக்கம் ஒரே அலறல், ஓட்டம். பெரிய டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். குரலில் இருந்த தேன் போன இடம் தெரியவில்லை.

"யாரு? யாரு பண்ணினது? அந்த ஆயாதான் இங்க இல்லையே!"

"நான்தான் சார். அறிவில்லாம உதைச்சுட்டேன்" என்றாள் கணக்கு டீச்சர். "முன்னாடியும் நான்தான் சார் உதைச்சேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. சீக்கிரம் வரச் சொல்லுங்க சார், இந்தப் பொண்ணுக்குக் குழந்தை பொறக்கற வரைக்கும் தரையைத் துடைக்கணும்."