விளக்கு மங்கல்

பரக் பரக்கென்று சத்தம் கேட்டுத் தம்பி திரும்பினான்.

அக்கா காரின் முன்னால் உட்கார்ந்து, உப்புத்தாளால் இடது விளக்கை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலையிலிருந்து பாடுபட்டுக் கண்ணாடி போலாக்கி வைத்திருந்த விளக்கு.

“அக்கா! பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?”

ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதற்குள் விளக்கு பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது.

“கையை விடு.”

“விட மாட்டேன். எதுக்கு இப்படிப் பண்ணினே?”

“உன்னை யாரு தேய்க்கச் சொன்னா?”

யார் சொல்ல வேண்டும்? ஒரு வருஷமாக எதற்குக் கூப்பிட்டாலும் இந்த வீட்டிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: “விளக்கு மங்கலா இருக்கு. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்.” போன மாதம் அவன் மகளின் கல்யாண வரவேற்பில், மணமக்கள் மேடைக்கு வருவதற்கு முன்பே அத்தான் கிளம்பிவிட்டார். “உங்க அக்கா வீட்டுக்காரருக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா?” என்று சம்பந்தி கேட்டபோது தம்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகிவிட்டதென்றா பயப்படுவது?

அதனால்தான், தலை நரைத்த வயதில், விடுமுறை நாளும் அதுவுமாக வந்து முட்டி போட்டான். முரட்டுத் தாள், அப்புறம் மெல்லிய தாள், கடைசியில் பாலிஷ். தண்ணீரில் ஊறி விரலெல்லாம் சுருங்கிவிட்டது. முரட்டுத் தாள் பட்டதும் விளக்கு முன்னைவிட மோசமாக வெளுக்கும். விடாமல் தேய்த்தால்தான் தெளியும். அந்த நேரம் பார்த்துத் தேநீர் கொண்டுவந்த அக்கா, “கெட்டுப்போச்சா? சரி, பரவாயில்லை விடு” என்று முகம் மலரச் சொல்லிவிட்டுப் போனாள். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான். தெளிந்த பிறகல்லவா வந்து பாய்கிறாள்!

“நன்றி சொல்ல வேண்டாம். கெடுக்காமலாவது இருக்கலாமில்ல?”

“சொல்லாம கொள்ளாம வந்து பண்ணின வேலைக்கு நன்றி ஒண்ணுதான் குறைச்சல்.”

“நான் சொல்லட்டுமா உன் சங்கதியை? பொழுது சாஞ்சா கார் சாவி உன் கைக்கு வந்துடுது. மனுஷன் கூண்டுல அடைச்ச கோழி மாதிரி உட்கார்ந்திருக்கார். உனக்கு அது வசதியா இருக்கு. விளக்கு சரியாயிட்டா உன் ராஜ்யம் போயிடுமே!”

“ஆமாம். அப்படியே வச்சுக்கோ.”

“சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். உன் தாளத்துக்குத்தான் எல்லாரும் ஆடணும்.”

“சரி, ஆடினது போதும். தள்ளு.”

அவள் வலது விளக்கை நோக்கி நகர்ந்தாள். தம்பி குறுக்கே நின்றான்.

“இதையும் தொட்டே, இனிமே உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.”

“மிதிக்காதே.”

இவ்வளவு சட்டென்று சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது.

“மச்சான்! முடிஞ்சுதா? விளக்கு எப்படி வந்திருக்கு?”

உற்சாகமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஏனோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வந்து பாருங்க அத்தான், உங்க பொண்டாட்டி பண்ணின கூத்தை...”

அக்கா அவன் வாயைப் பொத்தினாள். கையிலிருந்த ஈரத் தூள் அவன் உதட்டில் ஒட்டியது.

“கத்தித் தொலைக்காதே. விளக்கு இல்லடா. கண்ணு.”

“என்னது?”

“பகல்ல ஒண்ணும் குறையில்லை. இருட்டிட்டா எதுவும் தெரியல. உள்ளே நரம்பு வாடிட்டு வருதாம். ஆபரேஷன் பண்ணினாலும் பிரயோஜனமில்லைன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்.”

“அத்தானுக்குத் தெரியுமா?”

“என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தார்! எல்லாத்தையும் கேட்டார். வெளியில வந்ததும், ‘வண்டி விளக்கு ரொம்ப மங்கலாயிடுச்சு’ன்னார். நானும், ‘ஆமாங்க, விளக்குதான்’னேன். அன்னைக்கிலேர்ந்து இந்த வீட்டுல கண்ணுங்கற பேச்சே கிடையாது.”

தம்பி உதட்டில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டான்.

“பெரிய உபகாரம் பண்ண வந்துட்டே!” அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “விளக்கு பளிச்சுனு ஆயிட்டா, இன்னைக்கே அவர் வண்டியை எடுத்தாகணும். எடுக்கலைன்னா ஏன்னு உன்கிட்ட சொல்லியாகணும். இந்த ரெண்டுல எதைடா அவரால செய்ய முடியும்?”

உள்ளே செருப்புச் சத்தம். மெதுவாக வாசலை நெருங்கியது.

அக்கா வலது விளக்கின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை தம்பி தடுக்கவில்லை. அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதைவிட முரட்டுத் தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

பிறகு கார் டயரை ஓங்கி ஓர் உதை விட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்:

“மட்டமான சரக்கு அத்தான்! நாள் முழுக்கத் தேய்ச்சும் தெளிய மாட்டேங்குது. கோளாறு பூரா விளக்குலதான்!”