சொந்தக் காசில்

சராசரியார் வீட்டில் எலி கிடையாது. ஆனால் அலமாரியில் எலி மருந்துப் பொட்டலம் இருந்தது.

"எங்கேம்மா எலி?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க பார்க்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

கல்லூரியில் அவர் நடத்தும் புள்ளியியல் பாடமே இதுதான். 'சராசரியார்' என்பது மாணவர்கள் வைத்த பெயர். "உங்க மேல உசுரையே வெச்சிருக்கேன்" என்று பெண்டாட்டி உருகினால்கூட, "எத்தனை நாள் கவனிச்சு இந்த முடிவுக்கு வந்தே?" என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாக மதியம் ஆனால் வயிற்றைப் பிசைந்தது. பொட்டலத்தையும் வலியையும் கூட்டிப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது.

வேறொருவர் என்றால் பெட்டி படுக்கையோடு ஓடியிருப்பார். இவர் படித்தவர் அல்லவா, சோதனை வைத்தார்.

தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டுவார். தலை விழுந்தால் மதியம் வீட்டுச் சாப்பாடு. பூ விழுந்தால் கல்லூரி கேன்டீன்.

"என்னங்க இது, புது விளையாட்டு?" என்றாள் மனைவி.

"ஆராய்ச்சிம்மா. சாப்பாட்டுக்கும் என் வயித்துவலிக்கும் சம்பந்தமே இல்லைன்னு முதல்ல வெச்சுக்கணும். அதுக்குப் பேரு சூனியக் கருதுகோள்."

"ஐயையோ, யாருக்குச் சூனியம்?"

"சூனியம்னா பூஜ்யம்! கோர்ட்ல எப்படி? குற்றம் சாட்டப்பட்டவனை நிரபராதின்னு வெச்சுத்தானே விசாரிக்கிறாங்க? வலுவான ஆதாரம் கிடைச்சாத்தான் அதைத் தள்ளுபடி செய்யணும்."

"கிடைக்கலைன்னா அவன் நிரபராதியா?"

"அப்படியும் சொல்ல முடியாது. தள்ளுபடி செய்ய முடியலை, அவ்வளவுதான்."

அவள் பயபக்தியோடு தலையாட்டினாள். அன்று முதல் காசு விழும்வரை பக்கத்திலேயே நிற்பாள். டப்பா கட்டுவதா வேண்டாமா என்று தெரிய வேண்டாமா? பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போவாள். தலையானால் காபியோடு டப்பாவும் வரும், பூவானால் காபி மட்டும். இப்படிப்பட்ட பதிவிரதையைப் போய்ச் சோதிக்கிறோமே என்று சராசரியாருக்கே கூச்சமாக இருந்தது.

தலை விழுந்த நாள்களில் வயிறு சாதுவாக இருந்தது. பூ விழுந்த நாள்களில் சுருண்டு படுத்தார். வெறும் தற்செயலாக இப்படி அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்றது கணக்கு. சூனியக் கருதுகோள் தள்ளுபடி. குற்றவாளி கேன்டீன்காரர்!

காரணமும் கையோடு கிடைத்தது. கேன்டீன்காரர் மகனைப் புள்ளியியலில் விடாமல் ஃபெயிலாக்கி வருபவர் சாட்சாத் சராசரியாரேதான். அடுத்த முறை பூ விழுந்ததும், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டே போலீசுக்குப் போய், ஜீப்போடு திரும்பி வந்தார்.

"சார், காலேஜே என்கிட்டதான் சாப்பிடுது. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலையே!" என்று கதறினார் கேன்டீன்காரர்.

"அதான்யா, எனக்கு மட்டும் தனியா கலந்திருக்கே" என்று புகாரில் கையெழுத்துப் போட்டார் சராசரியார். ஜீப் கிளம்பிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கியது.

"உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்மா. மன்னிச்சுடு. இனிமே தினமும் வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லி, காசை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது உங்க சொந்தக் காசுதானே?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன். காபி ஆறுது, குடிங்க."

ஒரே மடக்கில் குடித்தார்.

பூ விழுந்த காலைகளில் மட்டும் காபியில் ஒரு சிட்டிகை சேர்த்துவந்தவள், பழியைச் சுமந்துகொண்டு கேன்டீன்காரர் கம்பி எண்ணத் தொடங்கிவிட்ட இன்று, காசு விழக் காத்திராமல் பொட்டலத்தையே கவிழ்த்திருந்தாள்.