கால் சுற்று

பழைய டர்போவின் மேல் பச்சை நகப்பூச்சு ஒட்டியிருந்தது.

அக்கா அதைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

பட்டறைத் தெருவில் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் அக்காவாகப் பிறந்தது ஒரே ஒருத்தனுக்குத்தான். அவனுக்காகத்தான் இந்த இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார்ப் பந்தயம். இதிலும் தோற்றால் இனி ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று தம்பி சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ரகம் இல்லை அவன். இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

கையில் இருந்த பணம் கொஞ்சம். எதில் இழுத்துப் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்திருந்தாள். பிஸ்டன்கள் காரோடு வந்தவையே போதும். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, பழைய சாமான் கடையில் பொறுக்கியது. அதை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட், தெரிந்த வெல்டர் ஒட்டித் தந்தது. போல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. போல்ட் எப்போதும் புதுசுதான்.

ஆனால் அந்தப் பச்சையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு போல்ட்டை முழு அளவுக்கு முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பாள். பிறகு எப்போதாவது கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். யாரோ பரிசாகக் கொடுத்த பாசிப் பச்சை அது. விரலில் போட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. இடக்கைக்காரி என்பதால் கோட்டின் முடிவில் ஒரு சின்னக் கொக்கி தானாக விழும்.

டர்போவின் விளிம்பில் இருந்த பச்சைத் தீற்றல்களிலும் கொக்கி இருந்தது.

நம்மைப் போல இன்னொரு கிறுக்கி எங்கேயோ இருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே மேனிஃபோல்ட்டைத் திருப்பினாள். அதன் விளிம்பிலும் பச்சைத் தீற்றல்கள் மூன்று.

சிரிப்பு நின்றது. வெல்டருக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா விளையாடுறீங்களா? நேத்துதான் ஒட்டுனேன், அது இன்னும் எந்த வண்டியிலயும் ஏறவே இல்லையே!"

போல்ட் பாக்கெட்டை எடுத்தாள். கடை முத்திரை பிரியாமல் இருந்தது. கத்தரித்து மேசையில் கொட்டினாள்.

நான்கு போல்ட். நான்கின் தலையிலும் பச்சை.

வெளியே பட்டப்பகல். எதிர்க்கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் மூன்று போல்ட்டும் டர்போவை மேனிஃபோல்ட்டோடு சேர்ப்பவை. முறுக்கு போதும் என்று அளவு ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்வரை ஒவ்வொன்றாக முறுக்கினாள். மூன்றிலும் துண்டு துண்டாகக் கிடந்த பச்சை ஒன்றுசேர்ந்து முழுக் கோடானது. இனிமேல்தான் இழுக்க வேண்டிய கோட்டை யாரோ முன்கூட்டியே இழுத்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவளேதான்.

நான்காவது, டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் பைப்பின் போல்ட். அது கழன்றால் பழுக்கக் காய்ந்த டர்போவின் மேல் ஆயில் பீச்சியடித்துத் தீப்பிடிக்கும். அதற்குப் பிறகு காரையும் காப்பாற்ற முடியாது, உள்ளே இருப்பவனையும் காப்பாற்ற முடியாது.

ரெஞ்ச் 'டக்' என்றபோது போல்ட்டின் தலையில் இருந்த கோடு, டர்போவில் பைப் சேரும் இடத்தில் இருந்த கோட்டைத் தாண்டிக் கால் சுற்று போயிருந்தது. அப்படியானால் கோடு போட்ட ஆள் கால் சுற்று முன்னாலேயே நிறுத்தியிருக்கிறான். அரைகுறை முறுக்கு. இந்தக் கோட்டுக்குக் கொக்கியும் இல்லை. மற்ற மூன்றும் பளிச்சென்று இருக்க, இதில் மட்டும் பச்சை கருகிப் பொரிந்திருந்தது.

எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாள்.

சரி, நீ சொல்லிட்ட, நான் கேட்டுக்கிட்டேன் என்று இன்ஜினைப் பார்த்து முணுமுணுத்தாள். கருகியதை பிளேடால் சுரண்டினாள். ரெஞ்சை இன்னொரு முறை வைத்துச் சரிபார்த்தாள். தன் கையாலேயே புதுக் கோடு இழுத்தாள். கொக்கி விழுந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது.

தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். சிரிக்காவிட்டால் பயந்துவிடுவான், அது அதைவிட மோசம்.

அவன் ஓட்டுவதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. ஞாயிறு காலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது! அந்த ஆயில் பைப்பு மட்டும் தகட்டுல உரசிட்டு இருந்துச்சு, நானே போல்ட்ட லூசாக்கி பைப்பத் திருப்பி வச்சு முறுக்கிட்டேன், பயப்படாத, வண்டியில கிடந்த உன் டூல்ஸ் பெட்டியில இருந்த பச்சையால கோடும் போட்டுட்டேன்... கூப்பிடுறாங்க, வச்சிடுறேன்."

அவள் கத்தியதைக் கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெல்மெட் போட்டிருப்பான்.

பந்தயம் நடக்கிற இடத்துக்கு எப்படிப் பறந்தாலும் நாற்பது நிமிடம் ஆகும். மலையுச்சியை நான்கே நிமிடத்தில் தொட வேண்டும் என்று அவளே பார்த்துப் பார்த்துக் கட்டிய இன்ஜின் அது.